கூரை முகட்டில் ஒரு பால் பல்

அத்தியாயம் 4

மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் ஆள் புரோகோபி. அவனைப் போய் ஓட்டு வீட்டின் முகட்டில் ஏற்றி உட்காரவைத்திருந்தாள் ரல்லூ. ஒரு கால் கிழக்குச் சரிவில், இன்னொரு கால் மேற்குச் சரிவில், இரண்டு கையும் முகட்டு ஓட்டில். கண் இறுக்க மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தெரிந்த புனிதர்களின் பெயரையெல்லாம் ஒரு முறை கூப்பிட்டு முடித்துவிட்டு, இப்போது இரண்டாவது சுற்றில் இருந்தான்.

ரல்லூ கீழே முற்றத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஐம்பது வயது, எழுபத்தெட்டு கிலோ. கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவில், மித்திலினி துறைமுகத்தில் மீன்கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். யோசிக்கிற வேலை அவளுடையது, ஏறுகிற வேலை உதவியாளனுடையது என்று முதல் நாளே பேசி முடித்தாயிற்று. பேசி முடித்தது அவள் மட்டும்தான் என்று புரோகோபி பல முறை சொல்லிப் பார்த்துவிட்டான்.

"கண்ணைத் திறந்து என்ன தெரியுதுன்னு சொல்லு."

"திறந்தா துருக்கி வரைக்கும் தெரியுது மேடம். எனக்குப் பக்கத்துல இருக்கிறது தெரிஞ்சாப் போதும்."

"சொல்லு."

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். நாற்பது ஐம்பது கூரைகள் சரிவில் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கின. எல்லாமே சிவப்பு, வயதானவை கொஞ்சம் பழுப்பு, பாசி பிடித்தவை கொஞ்சம் பச்சை. மேல் வரிசையில் ஒரு வீட்டு முகட்டுக்கு மட்டும் ஈஸ்டர் வந்துவிட்டது, பளிச்சென்று சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டான். இந்தத் தீவில் சுண்ணாம்பு அடிப்பது ஈஸ்டருக்கு முன்னால்தான். அக்டோபர் மாதத்தில் ஈஸ்டரா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லோர் மனமும் காணாமல் போன ஓட்டில் இருந்தது.

விஷயம் இதுதான். அனெமோரி கிராமத்தில் மிர்சினி என்று ஒருத்தி. அவளுடைய அப்பா வழியில் பரம்பரையாக ஓட்டுச் சூளை நடத்தினார்கள். ஊரிலுள்ள கூரையெல்லாம் அந்தச் சூளை ஓடுதான். மிர்சினிக்குப் பத்து மாதம் ஆனபோது, அப்பா ஓர் ஈர முகட்டு ஓட்டில் அவளுடைய வலது காலைப் பதித்துச் சுட்டெடுத்து, அப்போதுதான் கட்டி முடித்திருந்த வீட்டின் முகட்டுக் கடைசியில் வைத்தார். மேல் தெருவில் நடப்பவர்களுக்குக் கீழ்த்தெருக் கூரைகள் கண்ணெதிரே தெரியும். முப்பத்தாறு வருஷமாக அந்தக் குட்டிக் காலைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் சந்தைக்குப் போய்வந்தது. அப்பா இறந்த பிறகு மிர்சினி தினம் ஒரு தடவையாவது மேல் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்படி வந்தவள் நின்றுவிட்டாள். கால் பதிந்த ஓட்டைக் காணோம். அதன் இடத்தில் வேறொரு பழைய ஓடு உட்கார்ந்திருந்தது.

அதற்கு முதல் நாள்தான் கூரை மேஸ்திரி இக்னாதி ஏறி, புகைபோக்கி ஓரத்தில் உடைந்திருந்த ஆறு ஓடுகளை மாற்றியிருந்தார். போன கோடையில் ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு சீமாட்டி அந்தக் கால் ஓட்டை விலைக்குக் கேட்டபோது பக்கத்தில் நின்றவரும் அவர்தான். ஊருக்கு இது போதாதா? வெள்ளிக்கிழமை காலை காபி ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அன்றே இக்னாதி பேருந்து ஏறி ரல்லூவின் அலுவலகத்துக்கு வந்தார். வந்தவர் அரை மணி நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தேவாலயக் கமிட்டி கூடுகிறது. கோயில் கூரையைப் பிரித்து மேயும் வேலை யாருக்கு என்று அப்போது சொல்லிவிடுவார்கள். அந்த வேலை போனால்கூடப் பரவாயில்லை என்றார் இக்னாதி.

"கூரைல ஏறினா நாலு வீட்டுக் கொல்லை தெரியும் மேடம். யாரு வீட்ல சண்டை, யாரு அடுப்புல என்ன வேகுதுன்னு எல்லாம் தெரியும். முப்பது வருஷமா பார்த்ததை ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்ல. அதனாலதான் என்னை ஏத்தறாங்க. திருடன்னு பேர் வந்துட்டா இனிமே எவன் வீட்டுச் சுவர்ல நான் ஏணி சாத்துறது?"

ரல்லூ அந்த இடத்திலேயே வழக்கை ஏற்றுக்கொண்டாள். இப்போது சனிக்கிழமை காலை மணி ஒன்பதரை; மிர்சினியின் முற்றத்தில் அவளும் இக்னாதியும் ரல்லூவோடு நின்றார்கள்.

முற்றத்துக் கதவருகே மணிமாலை உருட்டும் சத்தம் கேட்டது. தேவாலயக் கமிட்டித் தலைவர் துகாஸ் வந்து நின்றார். அறுபது வயது, இஸ்திரி போட்ட சட்டை, பேசும்போது பல் செட் லேசாகத் தட்டும். மிர்சினிக்கு ஞானஸ்நானம் செய்துவைத்த ஞானத்தகப்பன் அவர்தான். அவள் அவரை நோனோ என்று கூப்பிடுவாள். ஊரில் இக்னாதியை முதலில் திருடன் என்று சொன்னவரும் அவர்தான். ஞானமகளின் ஓடு போனதில் அவருக்கு அவ்வளவு கோபம்.

முகட்டு ஓட்டைக் காரை பூசாமல் தான் ஒருநாளும் வைத்ததில்லை, இந்த ஓடு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று இக்னாதி அவரிடமும் சொல்லிப் பார்த்தார். அவசரத்தில் திருடுகிறவனுக்குக் காரை குழைக்க நேரம் ஏது என்று துகாஸ் பதில் சொன்னார். பிறகு ரல்லூவுக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, மணிமாலையை உருட்டிக்கொண்டே மேலே போய்விட்டார்.

"அந்த ஓட்டைத் தூக்கிப் பாரு புரோகோபி."

"ஒரு கையை எடுக்கணுமே மேடம்."

"ரெண்டு கையையும் எடுக்கணும்."

எப்படியோ எடுத்தான். ஓடு லேசாகவே வந்துவிட்டது. புதுக் காரை இல்லை; பழைய காரை மட்டும் ஓட்டின் உள்விளிம்பில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. அதைத் திருப்பி மூக்கருகே வைத்துப் பார்த்தவன் முதல்முறையாக இரண்டு கண்ணையும் திறந்தான்.

"மேடம், திருடனோட அடையாளம் கிடைச்சிடுச்சு. வயசு ஆறு இருக்கும். முன் பல்லு கிடையாது."

ஓட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினான். பழைய காரைக்குள் பாதி புதைந்து, பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு பால் பல். மேல் வரிசை முன் பல், ஒரு மூலை உடைந்திருந்தது. ரல்லூ கொண்டை ஊசியால் அதை மெல்ல நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கூரையிலிருந்து இறங்க வழி தெரியாமல் புரோகோபி புலம்பியபோது, பின்பக்கம் மேல் தெருவிலிருந்து இந்தக் கூரை இடுப்பு உயரம்தான், ஏணியே தேவையில்லை என்று இக்னாதி சொன்னார். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவன் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"பல்லு உன்னோடதாம்மா?" என்று ரல்லூ மிர்சினியிடம் கேட்டாள்.

மிர்சினி உள்ளே போய் ஒரு சின்னத் தகர டப்பாவோடு வந்தாள். அவளுடைய அம்மா ஏதென்ஸ்காரி. பிள்ளையின் பல்லைக் கூரையில் எறிந்து எலியிடம் கொடுப்பதாவது என்று முகம் சுளித்தவள். விழுந்த பல்லையெல்லாம் பஞ்சில் வைத்துச் சேர்த்திருந்தாள். எண்ணினார்கள்; இருபதும் இருந்தன. மிர்சினிக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த வீட்டில் இன்னொரு குழந்தை பல் விழும் வயதில் இருந்ததே இல்லை.

"அப்ப பக்கத்து வீட்டுப் பையன் எறிஞ்சது இங்க வந்து விழுந்திருக்கும்," என்றான் புரோகோபி.

இக்னாதிக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. பல்லை அவரவர் வீட்டுக் கூரையில்தான் எறிவார்கள். எலும்புப் பல்லை எடுத்துக்கொண்டு எலி இரும்புப் பல் கொடுக்கும். அடுத்தவன் கூரையில் எறிந்தால் இரும்புப் பல் அந்த வீட்டுப் பிள்ளைக்கல்லவா முளைக்கும்? அனெமோரியில் எந்தத் தாயும் அதற்குச் சம்மதிக்க மாட்டாள்.

ரல்லூ சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் யாருக்கோ கஷ்டகாலம் என்று புரோகோபிக்குத் தெரியும்.

"அப்படின்னா பல்லு இந்தக் கூரைக்கு வரல. ஓட்டோட சேர்ந்து வந்திருக்கு. திருடன் தன் வீட்டு முகட்டுலேருந்து ஒண்ணை எடுத்து இங்க வெச்சிருக்கான்."

"எதுக்கு மேடம்? திருடினோமா போனோமான்னு இல்லாம?"

அதற்கு இக்னாதி பதில் சொன்னார். வியாழக்கிழமை மதியம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. மழை வரும் நேரத்தில் ஒரு கூரையைத் திறந்து போட்டுவிட்டுப் போக இந்த ஊர்க்காரன் எவனுக்கும் மனசு வராது. வெளியூர்க்காரன் போவான். இங்கே பிறந்தவனால் முடியாது, அவன் திருடனாக இருந்தாலும்.

"அந்த நல்ல மனசுதான் அவனைக் காட்டிக் குடுக்கப் போகுது," என்றாள் ரல்லூ. காரை ஈரமாக இருந்த அன்றைக்கே ஒரு குழந்தைக்குப் பல் விழுந்திருக்கிறது. கூரையில் பல் எறியாத பிள்ளை இல்லை. ஆனால் ஈரக் காரையில் போய்ப் பல் மாட்டிக்கொண்டது எல்லா வீட்டிலும் நடக்காது. நடந்த வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அந்தக் கதையைக் கண்டுபிடித்தால் வீடு கிடைத்துவிடும்.

"நேராக் கேட்டா திருடன் உஷாராயிடுவான். நீ பல் வலின்னு வீடு வீடாப் போ. பல் வலின்னா ஊரே தானாப் பேசும்."

"எனக்குப் பல் வலி இல்லையே மேடம்."

"வரும்," என்றாள் ரல்லூ.

வந்தது. லெஸ்வோஸ் தீவில் வாசல் ஏறிய விருந்தாளிக்கு ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரும் கொடுக்காமல் அனுப்பினால் அது குடும்பத்துக்கு அவமானம். பல் வலி என்று வந்தவனுக்கும் அதே உபசாரம்தான். முதல் வீட்டில் புளிப்புச் செர்ரிப் பாகு, கூடவே கிராம்பு வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் அத்திப்பாகு, ஊசோ என்ற சோம்புச் சாராயத்தில் நனைத்த பஞ்சு. மூன்றாவது வீட்டில் பஞ்சு வேண்டாம், ஊசோவை நேராகக் குடித்துவிடு என்றார்கள். புரோகோபிக்கு அந்த வைத்தியர் மேல் தனி மரியாதை பிறந்தது. நான்காவது வீட்டில் சின்னக் கத்தரிக்காயை முழுசாகப் பாகில் போட்டிருந்தார்கள். அதைக் கடித்தபோது கடைவாய்ப் பல்லில் ஊசி குத்தியது. அதன் பிறகு அவன் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கதைகளுக்கும் குறைவில்லை. கதவில் நூல் கட்டிப் பல் பிடுங்கியவர், கல்யாணத்தன்று பல் உடைந்தவர், தவறான பல்லைப் பிடுங்கிய மித்திலினி வைத்தியரை இருபது வருஷமாகச் சபிப்பவர். ஈரக் காரையில் பல் மாட்டிய கதை மட்டும் வரவில்லை. மணி பதினொன்றே கால் ஆனது. அதற்குள் ரல்லூ கோயில் முற்றத்துக்குப் போயிருப்பாள். கமிட்டி சீக்கிரம் முடிவெடுத்துவிடாதபடி அவர்களோடு வம்பு பேசிக்கொண்டிருப்பது அவள் பங்கு.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு சந்தின் படிகளில் ஏறி, திறந்திருந்த சமையலறைக் கதவு ஒன்றில் அவன் தலையை நீட்டினான். உள்ளே மத்தி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள் ஒரு அம்மாள். பெயர் அமெரிசா. எழுபதைத் தொடும் வயது. வாயில் எல்லாப் பல்லும் இருந்தன, எல்லாவற்றையும் காட்டிச் சிரித்தாள். உட்காரவைத்து, கையைக் கழுவிக்கொண்டு, சீமை மாதுளைப் பாகை ஒரு கரண்டி எடுத்து அவன் வாயருகே கொண்டுவந்தாள். மறுத்தால் வழக்கு போகும், சாப்பிட்டால் பல் போகும். புரோகோபி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

"உனக்குப் பரவால்லப்பா, ஒரு பல்லு. என் தம்பிக்கு எல்லாமே போச்சு," என்று அமெரிசா ஆரம்பித்தாள். "ஆறு வயசுல முன் பல்லு விழுந்துச்சு அவனுக்கு. விழறதுக்கு முன்னாடியே பாதாம் ஓட்டைக் கடிச்சு மூலையை உடைச்சு வெச்சிருந்தான். அன்னிக்குப் பார்த்து எங்கப்பா முகட்டுக்குக் காரை போட்டுட்டு இருந்தார். இவன் எறிஞ்ச பல்லு நேராப் போய் ஈரக் காரைக்குள்ள பொதிஞ்சுக்கிச்சு. எலி எப்படி எடுக்கும், எலி எப்படி எடுக்கும்னு ஒரு வாரம் அழுதான்."

"எடுத்துச்சா?"

"எங்க எடுத்துச்சு? அதான் இரும்புப் பல்லும் வரல. நாப்பது வயசுல மொத்தமும் கொட்டிப்போச்சு. இப்ப ராத்திரியானா இவன் கட்டில்ல தூங்கறான், பல்லு டம்ளர்ல தூங்குது."

புரோகோபி வாயில் கரண்டியோடு சிரித்தான். பாதிச் சிரிப்பில்தான் தலைக்குள் விளக்கு எரிந்தது. தம்பி யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டான்.

"இதே வீட்லதான். கோயில் கமிட்டித் தலைவரைத் தெரியாதா உனக்கு? துகாஸ்."

அவன் எழுந்து முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். சிவப்புக் கூரையின் மேல் பளிச்சென்று வெள்ளை முகடு. காலையில் ஈஸ்டர் வந்ததாக அவன் கிண்டல் செய்த அதே வீடு. அமெரிசா பின்னாலேயே வந்து, முந்தாநாள் மதியம் ஊரே தூங்கும்போது தம்பி தானே ஏறி அடித்ததாகச் சொன்னாள். அக்டோபரில் எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா என்று இவள் கேட்டதற்கு, வெயிலுக்கு நல்லது என்றானாம். அன்றைக்கு வெயிலே இல்லை.

புரோகோபி பல் வலியை மறந்து ஓடினான்.

கோயில் முற்றத்தில் பெரிய மரத்தடியில் மேஜை போட்டுப் பாதிரியாரும் கமிட்டிக்காரர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துகாஸ். மிர்சினி ஒரு பக்கம் நின்றாள். இக்னாதி எதிர்ச் சுவரில், அடி வாங்கத் தயாராக நிற்பவர் போலத் தலையைக் குனிந்து நின்றார். புரோகோபி மூச்சு வாங்க ரல்லூவின் காதில் எல்லாவற்றையும் கொட்டினான்.

"சாட்சி யாரு?"

"அவரோட அக்கா. தெரியாம சொல்லிட்டாங்க மேடம். தெரிஞ்சா தம்பிக்கு எதிரா வாயைத் திறக்க மாட்டாங்க."

"அப்ப தெரியாமலே இன்னொரு தடவை சொல்லட்டும். உன் தொப்பி எங்க?"

அவன் தலையைத் தடவினான். தொப்பி அமெரிசாவின் நாற்காலியில் இருந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். ரல்லூ அவனைத் தட்டிக்கொடுத்தாள். விருந்தாளி விட்டுப் போன பொருளைப் பின்னாலேயே ஓடிவந்து கொடுக்காத பெண்பிள்ளை இந்தத் தீவில் இல்லை.

துகாஸ் தொண்டையைச் செருமினார். ஊர் பேசுவதைக் கமிட்டி காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது, கடவுள் வீட்டுக் கூரை என்பது சாதாரண விஷயமில்லை, அதனால் மித்திலினியில் இருக்கும் தன் மருமகன் இந்த வேலையை எடுத்துச் செய்யத் தயாராக இருக்கிறார் என்று நீட்டி முழக்கினார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் மணி அடித்துவிடும். ரல்லூ எழுந்து போய், காலியான காபித் தட்டு ஒன்றில் அந்தப் பல்லை வைத்து, அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இது உங்களோடதா பாருங்க தலைவரே."

துகாஸின் கை தானாக வாய்ப்பக்கம் போய்ப் பாதியில் நின்றது. ஆனாலும் மனிதர் அசைந்துகொடுக்கவில்லை. ஏதோ ஒரு குழந்தையின் பல், ஊரில் எந்தக் கூரையைத் தட்டினாலும் நூறு உதிரும் என்றார். கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். புரோகோபி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். படிகளில் யாரும் இல்லை. பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று அவன் எண்ணினான். ஒன்பதாவது மணிக்கு அமெரிசா தொப்பியை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

தொப்பியை அவன் தலையில் வைத்து, பல் எப்படியிருக்கிறது என்று விசாரித்து, மேஜைப் பக்கம் திரும்பியவள் தட்டைப் பார்த்துவிட்டாள். குனிந்து விரலால் புரட்டினாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட துகாஸ், இது உன் பல்லாச்சே. மூலை உடைஞ்சிருக்கு பாரு. யாரு இறக்கினா இதை?"

"எங்கிருந்து இறக்கணும்மா?" என்று ரல்லூ கேட்டாள்.

"வேற எங்கிருந்து? எங்க வீட்டு முகட்டுலேருந்துதான்."

மணிமாலை உருளும் சத்தம் நின்றது. இந்தப் பல் ஒட்டியிருந்த ஓடு இன்று காலை மிர்சினியின் கூரையில் இருந்தது என்று ரல்லூ சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அமெரிசா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டதைப் பார்க்கப் புரோகோபிக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் ஊட்டிய பாகின் இனிப்பு இன்னும் அவன் நாக்கில் இருந்தது.

எல்லோரும் மேல் வரிசையில் இருந்த துகாஸ் வீட்டுக்கு ஏறினார்கள். துகாஸும் கூடவே நடந்தார். இக்னாதி ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு முகட்டில் ஏறி, கடைசி ஓட்டைத் துடைத்தார். வெள்ளை கரைந்து சிவப்பு தெரிந்தது. பிறகு ஒரு கட்டைவிரல், அதன் பக்கத்தில் நான்கு குட்டி விரல்கள். கீழே நின்ற கூட்டத்தில் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மிர்சினி அழுதாள்.

துகாஸ் மறைக்கவில்லை. மருமகனுக்கு ஏப்ரலிலிருந்து வேலை இல்லை, மகள் தினமும் போனில் அழுகிறாள். கோயில் வேலையை அவனுக்கு வாங்கிக்கொடுக்க வேண்டும் என்றால் முதலில் இக்னாதியின் பேர் கெட வேண்டும். ஓட்டை எடுத்துவந்து உடைத்துப் போட்டுவிடத்தான் நினைத்தாராம்.

"சுத்தியலை எடுத்துட்டேன். உடைக்க முடியல. எங்க முகட்டுல காலியா இருந்த இடத்துலயே வெச்சு, சுண்ணாம்பைப் பூசிட்டேன்," என்றார்.

"எப்படி முடியும் நோனோ?" என்றாள் மிர்சினி. குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்குச் சூளைல அப்பா ஓட்டைப் பிடிச்சிருந்தார். என் காலைப் பிடிச்சுக் களிமண்ல அழுத்தினது நீங்க. அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. அதே கையால அதை எடுத்து ஒளிச்சு வெச்சிட்டு, ஒரு பாவமும் அறியாத மனுஷனைத் திருடன்னு சொல்ல வெச்சீங்களே."

துகாஸின் பல் செட் மட்டும் ஒரு தடவை தட்டியது.

வானம் உறுமியது. இக்னாதி கால் ஓட்டைத் தோளில் சுமந்துபோய் மிர்சினியின் முகட்டில் வைத்து, காரை குழைத்து, விரலால் விளிம்பை வழித்துப் பூசினார். அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் புரோகோபி நினைத்தான். அவனாக இருந்தால் போயிருப்பான், போகிற வழியில் எச்சிலும் துப்பியிருப்பான். இக்னாதி மிச்சக் காரையையும் துகாஸ் வீட்டுப் பழைய ஓட்டையும் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வந்தார். அங்கே முகட்டில் ஒரு ஓட்டு அளவுக்குத் திறந்து கிடந்தது.

பாதிரியார் வழிமறித்து, திங்கட்கிழமை கோயிலுக்கு ஏணியைக் கொண்டுவந்துவிடும்படி சொன்னார். மற்ற கமிட்டிக்காரர்கள் இருவரும் வேகமாகத் தலையாட்டினார்கள். சரி என்றார் இக்னாதி, மழை வருகிறது, தள்ளுங்கள் என்றார். அமெரிசா வந்து அந்தப் பல்லை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"இந்தத் தடவை காரைல விட்றாதப்பா. எலிக்கு எட்டற மாதிரிப் போடு."

அவர் தலையசைத்துவிட்டு ஏணியைச் சுவரில் சாத்தினார். கல் தரை வழுக்கியது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். புரோகோபி ஒரு எட்டு முன்னால் வைத்தான். ரல்லூ அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டாள். இக்னாதி துகாஸைப் பார்த்தார்.

"பிடிங்க தலைவரே."

துகாஸ் மணிமாலையைப் பையில் போட்டுவிட்டு வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார். இக்னாதி ஏறினார். மழை பிடித்துக்கொண்டது. முகட்டுச் சுண்ணாம்பு கரைந்து, ஓட்டு வரிசைகளின் வழியாக வெள்ளை வெள்ளையாக இறங்கி, கூரை விளிம்பிலிருந்து நேராகத் துகாஸின் தலையிலும் தோளிலும் இஸ்திரி போட்ட சட்டையிலும் வழிந்தது. கண்ணுக்குள் போனது. துடைத்துக்கொள்ள ஒரு கையை எடுக்க வேண்டும். மேலே ஆள் இருந்தார், துகாஸ் கையை எடுக்கவில்லை.